கோடை குவாண்டம் ஃபெலோஷிப்புக்கு ஐப்பசியிலேயே உட்கார வேண்டும்

மார்ச் பிறந்தால் போதும், நெல்லையில் பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி பக்கத்து இயற்பியல் துறைகளில் ஒரு கேள்வி கிளம்பும்: "இந்த மே லீவுக்கு குவாண்டம்ல ஃபெலோஷிப் ஏதும் இருக்கா சார்?" இருக்கிறது. ஆனால் அதன் கதவு போன கார்த்திகையிலேயே சாத்தியாகிவிட்டது. பெயரில்தான் கோடை, வேலையெல்லாம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஆகவே ஆசிரியர்கள் இதை அடுத்த வருஷத்துக்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு ஃபெலோஷிப். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி, டெல்லி இந்திய தேசிய அறிவியல் அகாதமி, பிரயாக்ராஜ் தேசிய அறிவியல் அகாதமி ஆகிய மூன்றும் பொது அறிவிப்பு வெளியிடும். மாணவர்களும் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். காலம் இரண்டு மாதம். மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கிடைக்கும். விண்ணப்பம் வழக்கமாக நவம்பரில் முடிந்துவிடும். முடிவு புத்தாண்டுக்குப் பிறகுதான்.

படிவத்தில் பலர் சறுக்கும் இடம் துறைத் தேர்வு. குவாண்டம் தகவல் அறிவியல் என்று தனிக் கட்டம் கிடையாது. இயற்பியல், கணிதம், பொறியியலும் கணினி அறிவியலும் ஆகிய மூன்றில் எதில் போடுகிறீர்களோ அந்தத் துறை நிபுணர்தான் உங்கள் தாளைப் பார்ப்பார். ஒளியியல் ஆய்வகத்துக்குப் போக நினைப்பவர் கணினி அறிவியல் கட்டத்தைத் தொட்டால், "இவருக்கு அல்காரிதம் தெரியவில்லையே" என்று ஒதுக்கிவிடுவார்கள். எந்த வழிகாட்டியிடம் போக ஆசையோ, அவர் எந்தத் துறையில் இருக்கிறாரோ அதே கட்டத்தில் போடுங்கள்.

வழிகாட்டியைத் தேட ஒரு திசை வேண்டும். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் இயக்கம் (6,003.65 கோடி ரூபாய், 2030-31 வரை) நான்கு மையங்களை வகுத்திருக்கிறது: குவாண்டம் கணிப்புக்கு பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., தகவல் தொடர்புக்கு சென்னை ஐ.ஐ.டி., உணர்விகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி ஐ.ஐ.டி. இவை போக, பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் ஒளித்துகள்களை வைத்துச் சோதனை செய்யும் குவாண்டம் தகவல் ஆய்வகம் இருக்கிறது. கோட்பாட்டுக்கு சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் கழகமும், பிரயாக்ராஜ் ஹரிஷ்-சந்திரா ஆய்வுக் கழகமும். நமக்குப் பக்கம் என்று பார்த்தால் விதுராவிலுள்ள திருவனந்தபுரம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்). பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் அந்த வழிகாட்டி கடைசி இரண்டு ஆண்டுகளில் போட்ட கட்டுரைகளின் சுருக்கங்களையாவது படித்துவிடுங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் விட்டுவிட்ட தலைப்பைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

கோட்பாடா சோதனையா என்றால், ஆசிரியர் சோதனைக்கே போக வேண்டும் என்பது என் கட்சி. கோட்பாட்டை என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களை வைத்து வீட்டிலிருந்தே ஒரு தூரம் வரை எட்டிவிடலாம். ஆனால் ஒரு லேசர் கற்றையை ஒளியிழைக்குள் செலுத்த அரை நாள் ஆகும், அது ஏன் அரை நாள் ஆகிறது என்பதை எந்த வீடியோவும் கற்றுத் தராது. இரண்டு மாதத்தில் முதல் மூன்று வாரம் பாதுகாப்புப் பயிற்சியிலும் கண்ணாடி திருப்புவதிலும் போய்விடும். கட்டுரை ஒன்றும் வராது. பரவாயில்லை.

அடுத்தது நோக்க உரை. இருநூறு, இருநூற்றைம்பது சொல்லுக்குள் எழுத வேண்டும். "குவாண்டம் தொழில்நுட்பம் உலகை மாற்றப்போகிறது, அதில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கும் தாள்கள் குவியல் குவியலாக வரும். அவற்றைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: எம்.எஸ்ஸி. முதலாண்டில் இரு-நிலை அமைப்பு வரை நடத்துகிறேன். போலராய்டு தாள்களை வைத்து மாலஸ் விதியை அளந்து அந்தத் தரவை இணைத்திருக்கிறேன். ஒற்றை ஒளித்துகள் எண்ணும் முறையையும், தற்செயல் ஒருமிப்பைக் கழிக்கும் முறையையும் கற்க வேண்டும். திரும்பியதும் ஆறு ஆய்வகத் தாள் எழுதி இந்த வகுப்புக்கு நடத்துவேன். நான்கு வாக்கியம்தான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எது வரை போக வேண்டும் என்பது இரண்டும் தெரிந்துவிடும்.

அந்தத் தற்செயல் ஒருமிப்பு என்ன என்று யாராவது கேட்டால் திணறக் கூடாது. இரண்டு உணர்விகள் ஒவ்வொன்றும் விநாடிக்கு 20,000 துகள் எண்ணுகின்றன, ஒருமிப்பு ஜன்னல், அதாவது இரண்டு துகளும் ஒன்றாக வந்ததாகக் கொள்ளும் நேர இடைவெளி, 10 நானோசெகண்ட் என்று வையுங்கள். இரண்டு எண்ணையும் ஜன்னலையும் பெருக்கினால் விநாடிக்கு 4. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத துகள்கள்கூட விநாடிக்கு நான்கு முறை ஜோடி போலக் காட்டிக்கொள்ளும். அசல் ஜோடி விநாடிக்கு 20 தான் வருகிறது என்றால் இந்த நான்கு பெரிய பிழை. வெளிச்சத்தைக் கூட்டினால் அசல் ஜோடி நேர்விகிதத்தில் கூடும், தற்செயல் ஜோடியோ இருமடி விகிதத்தில் கூடும். அதனால்தான் இத்தகைய சோதனைகளில் லேசரைக் கூட்டிக்கொண்டே போவதில்லை.

மாலஸ் விதி (இரண்டு போலராய்டு தாளுக்கு இடையிலான கோணத்தின் கொசைன் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்பது) தரவை இணைக்கச் சொன்னேன் அல்லவா, அதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு மாலையில் எடுத்துவிடலாம். வேண்டியவை: மூன்று போலராய்டு தாள், ஒரு வெள்ளை எல்.இ.டி. டார்ச், பி.பி.டபிள்யூ.34 என்ற ஃபோட்டோடயோடு ஒன்று, மைக்ரோஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர், கோணமானி ஒட்டிய அட்டை. டயோடை மீட்டரில் நேரே இணைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டாதபடி டார்ச்சைத் தள்ளி வையுங்கள். கையில் எல்.டி.ஆர். (ஒளிபட்டால் மாறும் மின்தடை) இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அதன் மின்தடை ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறாது. கொசைன் வர்க்க வளைவு நெளிந்து நிற்கும்.

இரண்டு தாளும் இணையாக இருக்கும்போது 40 மைக்ரோஆம்பியர் வருகிறது என்போம். ஒன்றை 90 பாகை திருப்பினால் ஏறக்குறைய பூஜ்யம். நடுவில் மூன்றாவது தாளை 45 பாகையில் செருகினால் வெளிச்சம் திரும்பி வரும். புத்தகக் கணக்குப்படி 40-இல் கால் பங்கு, 10. ஆனால் மீட்டர் 8-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். விதி தப்பு இல்லை. தாள், தான் விட வேண்டிய திசை ஒளியிலும் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மூன்று தாளையும் இணையாக வைத்து ஒரு அளவு எடுங்கள், அது 32 வாக்கில் இருக்கும். 8-ஐ 32-ஆல் வகுத்தால் கால். இந்த ஒரு வரித் திருத்தத்தைத் தாளில் காட்டினாலே, அளந்து பார்த்தவர் எழுதியது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

இங்கே மூன்று வில்லங்கம் உண்டு. டார்ச்சுக்குப் பதில் பச்சை லேசர் பாயின்டர் வைத்தால் குறுக்கு நிலையிலும் பூஜ்யம் வராது. மலிவான பச்சை லேசர்களிலிருந்து 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு கசியும். போலராய்டு தாள் அதைத் தடுக்காது, கண்ணுக்கும் தெரியாது, சிலிக்கான் டயோடுக்கு மட்டும் தெரியும். இரண்டாவது, முப்பரிமாணப் படத்துக்குத் தியேட்டரில் கொடுக்கும் கண்ணாடி. அது வட்ட முனைவாக்கத் தாள். ஒன்றன் பின் ஒன்றாக ஒரே திசையில் வைத்துத் திருப்பினால் வெளிச்சம் அசையாது. கண் பக்கம் கண் பக்கத்தைப் பார்க்க வைத்தால்தான் மாலஸ் விதி கிடைக்கும். மூன்றாவது, அச்சு எது என்று தெரியாத தாள். சன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கும் டைல்ஸ் தரையைச் சாய்வாகப் பார்த்தபடி தாளைத் திருப்புங்கள். மினுக்கம் எப்போது அணைகிறதோ அப்போது அச்சு செங்குத்து.

இதை வைத்து "பி.பி.84 குவாண்டம் சாவிப் பகிர்வு செய்தேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பி.பி.84 என்பது ஒற்றை ஒளித்துகள்களில் ரகசியச் சாவியை அனுப்பும் முறை. டார்ச்சிலும் லேசர் பாயின்டரிலும் வருவது கோடானுகோடி ஒளித்துகள். ஒட்டுக்கேட்பவர் அதில் கொஞ்சத்தைத் திருடினாலும் யாருக்கும் தெரியாது. நீங்கள் செய்தது வெறும் மாதிரி விளக்கம், அப்படியே சொல்லிவிடுவது நல்லது. ஒற்றைத் துகளாக இருந்து, இடையில் பிடித்து அளந்து மறுபடி அனுப்பினால், சலித்தெடுத்த சாவியில் (இரு பக்கமும் ஒரே அச்சில் அளந்தவற்றை மட்டும் வைத்ததில்) 25 சதவீதப் பிழை வரும் என்ற கணக்கை மாணவர்களை விட்டே போடச் சொல்லலாம்.

கணினிப் பக்கம் பலர் கால் வாரப்படுவது பழைய பாடக் குறிப்புகளால். குவாண்டம் கணிப்புக்கான பைதான் நிரல்தொகுப்பான ஐ.பி.எம்.மின் கிஸ்கிட் 2024 பிப்ரவரியில் 1.0 ஆனது. பழைய 'எக்ஸிகியூட்' கட்டளையைத் தூக்கிவிட்டார்கள். குவாண்டம் பொறியைச் சாதாரணக் கணினியில் பாவனை செய்யும் ஏயர் சிமுலேட்டர் தனிப் பொதி ஆகிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் உலாவியிலேயே ஓட்டும் குவாண்டம் லேப் வசதியையும் மூடிவிட்டார்கள். யூடியூபில் 2022-இல் போட்ட பாடத்தை அப்படியே தட்டினால் முதல் வரியிலேயே பிழை வரும். கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதென்றால் பைதான் 3.8-க்கு மேல் ஏறாது, புதிய கிஸ்கிட்டும் ஏறாது. உலாவியிலேயே பைதான் ஓட்டும் கூகுள் கோலாப்தான் வழி. சிமுலேட்டர் ஓட்டும் கணினி எவ்வளவு தாங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு: க்யூபிட் (குவாண்டம் கணிப்பின் பிட்) ஒன்று கூடினால் நினைவகம் இரட்டிக்கும். 20 க்யூபிட்டுக்கு 16 மெகாபைட், 27-க்கு 2 ஜிகாபைட், 30-க்கு 16 ஜிகாபைட். 4 ஜிகாபைட் கணினியில் 25-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடத்துக்கு நான்கு க்யூபிட்டே தாராளம்.

உண்மையான குவாண்டம் பொறியில் ஓட்ட ஐ.பி.எம். இலவசமாகத் தருவது மாதத்துக்குப் பத்து நிமிடம் அளவு. நாற்பது மாணவர்கள் தனித்தனியே அனுப்பினால் சட்டென்று கரைந்துவிடும். எல்லாருடைய சுற்றுகளையும் (சர்க்யூட்) ஒரே வேலையாகக் கட்டி அனுப்புங்கள். அந்தப் பொறிக்கேற்ப மாற்றி எழுதாத, அதாவது டிரான்ஸ்பைல் செய்யாத, சுற்றை அது ஏற்காது. இரண்டு க்யூபிட்டைப் பிணைத்த பெல் நிலையை ஓட்டினால் சிமுலேட்டரில் 00-உம் 11-உம் பாதிப் பாதி வரும். பொறியில் 01, 10 என்று கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதைக் குப்பை என்று தள்ளிவிடக் கூடாது, பாடமே அங்கேதான். வாசிப்புப் பிழையா, இரு-க்யூபிட் வாயிலின் (கேட்) பிழையா என்று பிரிக்க, வாயில் ஒன்றும் போடாமல் வெறும் 00-ஐ அளந்து பாருங்கள். இன்னொன்று, கிஸ்கிட்டில் வலக்கோடியில் இருப்பதுதான் பூஜ்யமாவது க்யூபிட். கரும்பலகையில் இடமிருந்து எழுதிப் பழகியவர்களுக்கு விடை தலைகீழாகத் தெரியும்.

கணித ஏற்பாட்டுக்கு நான்கு வாரம் ஒதுக்குங்கள். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் அணிகளும் கலப்பெண்களும் முதல் இரண்டு பாடங்களாகவே இருக்கின்றன. ஐகன் மதிப்பு இல்லை. இரண்டு க்யூபிட்டைச் சேர்த்து எழுதும் டென்சர் பெருக்கலிலும், ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கும் பகுதித் தடத்திலும்தான் ஆள் திணறி நிற்பார்கள். பெல் நிலையில் ஒரு க்யூபிட்டை மறந்துவிட்டு மற்றதன் அடர்த்தி அணியைக் கையால் கணக்கிட்டு, அது அலகு அணியில் பாதி என்று வந்துவிட்டால் நீங்கள் தயார்.

இனி வெளிநாடு. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆதரவோடு நடக்கும் ஆசிரியர் ஆய்வு அனுபவத் திட்டங்கள் அந்நாட்டுப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கானவை. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கனடாவின் வாட்டர்லூவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே பெரிமீட்டர் கழகத்தின் ஐன்ஸ்டீன்பிளஸ் என்ற பயிலரங்கு உண்டு. சிக்கல் நாட்காட்டியில்தான். அவர்களுடைய கோடை ஜூலை. நமக்கு அப்போது பள்ளி திறந்து முதல் இடைத்தேர்வு நெருங்கும். குற்றாலத்தில் சாரல் விழும்போது லீவு கேட்டாலே தலைமையாசிரியர் ஒரு மாதிரி பார்ப்பார், கனடா என்றால் சொல்லவே வேண்டாம். ஐ.பி.எம்.மின் கிஸ்கிட் உலகளாவிய கோடைப் பள்ளியும் ஜூலையில்தான் வரும், ஆனால் அது இணையவழி, இரண்டு வாரம், இலவசம். பள்ளி ஆசிரியருக்கு இதுவே கைக்கெட்டியது. பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

வெளியூர்க் கையேடுகளைக் கொண்டுவந்தால் இங்கே அப்படியே ஓடாது என்பதற்கு நல்ல உதாரணம் புவியின் காந்தப்புலத்தை அளக்கும் புரோட்டான் காந்தமானி. குவாண்டம் உணர்வி என்ற தலைப்புக்கு நம்மூரைப் போல் பொருத்தமான இடம் குறைவு: புவிப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போகிறது, கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமே இருக்கிறது. காந்தமானியின் தத்துவம் எளிது. அரை லிட்டர் தண்ணீர் அல்லது மண்ணெண்ணெய் பாட்டிலைச் சுற்றிச் சில நூறு சுற்று எனாமல் கம்பி. சில விநாடி ஒன்றிரண்டு ஆம்பியர் செலுத்திப் புரோட்டான்களை வரிசைப்படுத்தி, சட்டென்று அறுத்துவிட்டு, அதே சுருளில் வரும் மைக்ரோவோல்ட் சைகையைப் பெருக்கிக் கேட்க வேண்டும். புரோட்டான் ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு 42.58 ஹெர்ட்ஸ் சுழலும். நெல்லையில் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆகவே 1700 ஹெர்ட்ஸ் பக்கம், காதாலேயே கேட்கலாம். தனி ஒரு க்யூபிட்டைப் பார்க்கிறோம் என்று சொல்ல முடியாது, கூட்டமாகத்தான் பார்க்கிறோம். ஆனால் க்யூபிட்டின் நிலையைக் காட்டும் புளோக் கோளத்தில் சுழற்சி என்பதையும், ஒத்திசைவு கலைந்து சைகை தேய்வதையும் இதைவிட மலிவாகக் காட்ட வழியில்லை.

வாட்டர்லூ பக்கத்துக் கையேடு சுருளைக் கிடையாக எந்தத் திசையில் வைத்தாலும் சரி என்றுதான் சொல்லும். அங்கே புவிப்புலம் சுமார் 70 பாகை சாய்ந்து ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. கிடையாக வைத்த சுருள் எப்படியும் அதற்குக் குறுக்கே விழும். இங்கே புலம் கிட்டத்தட்டத் தரையோடு தரையாக வடக்கு நோக்கிப் போகிறது. சுருளின் அச்சு வடக்கு தெற்காக இருந்தால் சைகை செத்துவிடும். கிழக்கு மேற்காக வையுங்கள், அல்லது நிமிர்த்தி வையுங்கள். அடுத்த தொல்லை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 34-ஆவது மடங்கு சரியாக 1700. கட்டடத்துக்குள் வைத்தால் நீங்கள் கேட்பது டியூப்லைட்டைத்தான். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருளைத் தொடராக இணைத்து, பாட்டரியில் ஓட்டி, மின்கம்பி இல்லாத மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பைக், இரும்பு பெஞ்சு எதுவும் அருகில் கூடாது.

காகித வேலைக்கு வருவோம். அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் விண்ணப்பிக்கும்போதே முதல்வரின் தடையின்மைச் சான்று வாங்குங்கள். வெளிநாடு என்றால் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வரை போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். மே மாத விடுமுறை என்றாலும் தலைமையிடத்தை விட்டு வெளியேற அனுமதிக் கடிதம் தனி. விடைத்தாள் திருத்தும் முகாமும் மே மாதத்தில்தான் விழும். ஃபெலோஷிப் கடிதம் வந்த வாரமே அதன் நகலோடு விலக்குக் கேட்டு எழுதிவிட வேண்டும், ஆர்டர் வந்த பிறகு கெஞ்சினால் நடக்காது. சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் பாடு இன்னும் மோசம். மே முழுக்க அட்மிஷன் வேலை என்று ஊர் ஊராக அனுப்புகிற கல்லூரிகள் இருக்கின்றன. அவர்கள் இரண்டு மாதத்துக்கு முயல்வதை விட, அகாதமிகள் ஆசிரியர்களுக்காக நடத்தும் இரண்டு வார ரெஃப்ரெஷர் பயிற்சிக்குப் போவது நடக்கக்கூடியது. பதவி உயர்வுக்கு எது கணக்கில் வரும் என்பதையும் கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். 

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். மே முதல் வாரத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸும் பெங்களூரு போகும் நாகர்கோவில் வண்டியும் திறந்த அன்று காலையிலேயே காலியாகிவிடும். தேதி உறுதியாகாவிட்டாலும் போட்டு வையுங்கள். பயணச்சீட்டு நகலைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் கட்டணம் திரும்ப வரும். வழிகாட்டியின் ஒப்புதலோடு இறுதி அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதால், கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அவர் மேசையில் வரைவை வைத்துவிடுங்கள். ஜூன் கடைசியில் அவர்களும் மாநாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

திரும்பி வந்து பாடத்திட்டத்தில் சேர்ப்பது கல்லூரியைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழுவுக்கு ஆறு ஆய்வகத் தாளையும் கொண்டுபோகலாம். பல்கலைக்கழகப் பாடத்திட்டப்படி நடக்கும் கல்லூரியில் அது முடியாது. 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்பாக நடத்தினால் கல்லூரித் தர மதிப்பீடான நாக் கணக்கிலும் சேரும், பல்கலைக்கழகப் பாடத்திட்டம் மாறக் காத்திருக்கவும் வேண்டாம். டயோடு, தாள், கம்பி எல்லாம் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், அதை ஜூன் மாதமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.